கேட்காததை எழுதும் கைகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2008-ஆம் ஆண்டு, நீரிழிவு நோயாளியான பெண் ஒருவர் மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வுச் சிகிச்சை மையம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அவருக்குத் தரவேண்டிய இன்சுலின் 8 அலகுகள். அவருடன் சென்ற டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்ததோ 80 அலகுகள். மருத்துவர் அந்த அறிக்கையைச் சரிபார்த்திருக்கவில்லை. மையத்தில் இருந்தவர்கள் அதிலிருந்த எண்ணை அப்படியே மருந்துக் கட்டளையாக்கினார்கள். ஊசி போடப்பட்டது, அந்தப் பெண் இறந்தார். 2012-ஆம் ஆண்டு இறுதியில் அவருடைய குடும்பத்துக்கு 14 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என அங்குள்ள நடுவர் குழு தீர்ப்பளித்தது. அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்யும் பணி கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருந்த நாடு இந்தியா.

இச்செய்தி வெளியான வாரத்தில் சென்னையில் எங்கள் அலுவலகத்தில் எவரும் அதைப் பற்றி உரக்கப் பேசவில்லை. ஆனால், எல்லோரும் படித்திருந்தோம். ஒரு பூச்சியம்தானே என்று எங்களில் எவராலும் சொல்ல முடியவில்லை. அத்தகைய பூச்சியங்களை ஒவ்வோர் இரவும் கடந்து வந்தவர்கள் நாங்கள். முதலில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனிலும் பின்னர் மெடிக்கல் கோடிங்கிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்துறையில் பணியாற்றியவன் என்ற முறையில், இந்தத் தொழிலில் பிழைகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதைச் சொல்லும் கடமை எனக்கு இருப்பதாகக் கருதுகிறேன். தமிழ்நாட்டில் பல்லாயிரம் குடும்பங்களின் சோறு இந்த வேலையில் இருக்கிறது. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் உள்ள நோயாளிகளின் உயிரும் இதில் இருக்கிறது.

இரவுப் பணியின் கதை

சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஒன்பதரை மணி முதல் பத்தரை மணி நேர வேறுபாடு உண்டு. அங்கு மாலையில் மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடித்துத் தம் குறிப்புகளைக் குரலாகப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் காலை அவர் திரும்பி வரும்போது அது எழுத்தாக மேசைமீது இருக்கும். 1990-களின் பிற்பகுதியில் இந்த எளிய கணக்கின்மீது எழுந்ததுதான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் தொழில். காதில் ஒலிவாங்கிக் கருவி, காலடியில் பதிவை நிறுத்தவும் ஓடவிடவும் ஒரு மிதி, விரல்களுக்குக் கீழே விசைப்பலகை. 65 எழுத்துகள் கொண்டது ஒரு வரி. வரிக்கு இத்தனை பைசா என்று கூலி.

2009-க்குப் பின்னர் அமெரிக்க அரசு மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கு ஊக்கத்தொகை அளித்தது. மருத்துவர்கள் தாங்களே திரையில் பதியத் தொடங்கினார்கள். எங்கள் வரிகள் குறைந்தன. 2015 அக்டோபர் 1 அன்று அந்நாடு ஐசிடி-10 என்னும் நோய்க் குறியீட்டு முறைக்கு மாறியது. ஏறத்தாழ 14,000-ஆக இருந்த நோய்க் குறியீடுகளின் எண்ணிக்கை 70,000-ஐ நெருங்கியது. அவற்றைப் படித்துப் பொருத்தத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். செவிலியர் படிப்பு, மருந்தியல், உயிரித் தொழில்நுட்பம், இயன்முறை மருத்துவம் எனப் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நம் பிள்ளைகளுக்குச் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் கதவு திறந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த என் போன்றவர்களும் அந்தக் கதவு வழியாகவே உள்ளே போனோம்.

வேலை மாறியது, பிழையின் வேர் மாறவில்லை என்பதை அங்கே போன பிறகுதான் உணர்ந்தேன்.

ஓசையில் பிறக்கும் பிழைகள்

டிரான்ஸ்கிரிப்ஷன் பிழைகளில் முதல் வகை, காது செய்வது. இடுப்பெலும்பின் ஒரு பகுதியும் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் ஆங்கிலத்தில் ‘இலியம்’ என்றே ஒலிக்கின்றன. எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. ‘டிஸ்ஃபேஜியா’ என்றால் விழுங்குவதில் சிரமம். ‘டிஸ்ஃபேசியா’ என்றால் பேச்சில் குறை. தைராய்டு மிகுதியாகச் சுரந்தால் ‘ஹைப்பர்’, குறைவாகச் சுரந்தால் ‘ஹைப்போ’. மருத்துவர் கொட்டாவி விட்டபடி சொன்னால் இரண்டும் ஒன்று. ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கான மருந்து. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும் தரப்படுவது. செலிப்ரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்சா மனச்சோர்வுக்கு. அமெரிக்காவில் ‘லோசெக்’ என்ற வயிற்றுப்புண் மருந்தின் பெயர், ‘லாசிக்ஸ்’ என்ற மருந்தோடு குழம்பியதால் 1990-இல் ‘பிரிலோசெக்’ என்று மாற்றப்பட்டது. பெயரையே மாற்றும் அளவுக்கு ஓசை ஆபத்தானது.

இரண்டாம் வகை, எண்கள். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் கடைசி ஓசையில்தான் பிரிகின்றன. அந்த ஓசையை விழுங்கிவிடும் மருத்துவர்கள் ஏராளம். கவனமான மருத்துவர் ‘பதினைந்து, ஒன்று ஐந்து’ என்று பிரித்துச் சொல்வார். 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகலாம், 0.5 என்பதைச் சுருக்கி .5 என்று எழுதினால் 5 ஆகலாம். ‘யூனிட்’ என்பதற்கு ஆங்கில எழுத்தான ‘யு’வை மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் போட்டால் அது பூச்சியமாகத் தோன்றலாம். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் அமைப்பு, இப்படி எழுதவே கூடாத சுருக்கங்களின் பட்டியலை 2004-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. பயிற்சியின் முதல் வாரத்தில் நாங்கள் மனப்பாடம் செய்வது அதைத்தான்.

மூன்றாம் வகையே மிகவும் கொடியது: ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல் தொலைவது, அல்லது இல்லாத இடத்தில் முளைப்பது. இதில் என் கையும் கறைபட்டது.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. விடியற்காலை மூன்று மணி இருக்கும். பெரும்பாலான அறிக்கைகளில் ‘ஒவ்வாமை’ என்ற தலைப்பின்கீழ் வருவது ‘அறியப்பட்ட மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை’ என்ற ஒரே வாக்கியம்தான். அதை முழுதாகத் தட்டச்சு செய்ய யாருக்கும் நேரமில்லை. நான்கெழுத்துச் சுருக்கம் ஒன்றை அழுத்தினால் வாக்கியம் தானாக விரியும்படி அமைத்து வைத்திருப்போம். அன்று மருத்துவர் அந்தத் தலைப்பைச் சொன்னதும் என் விரல்கள் முந்திக்கொண்டன. அடுத்து அவர் முணுமுணுத்தது தெளிவாகக் கேட்கவில்லை. வழக்கமானதைத்தான் சொல்லியிருப்பார் என்று கடந்து போனேன். அவர் சொன்னது ‘பெனிசிலின்’.

தரச் சரிபார்ப்பில் இருந்த பெண்மணி அதைப் பிடித்தார். முன்னாள் செவிலியர், எங்கள் எல்லோருக்கும் ‘மேடம்’. என்னை அழைத்து, ஒலிப்பதிவின் அந்த மூன்று நொடிகளை ஐந்து முறை ஓடவிட்டார். திட்டவில்லை. “காதுல விழாததைக் கை எழுதக் கூடாது. கேட்கலைன்னா இடத்தை விட்டுடு. காலி இடத்தைப் பார்த்தா டாக்டர் நிரப்புவார். நீ நிரப்பிட்டா யாரும் பார்க்க மாட்டாங்க” என்றார்.

இத்தொழிலில் நான் கற்ற பாடம் முழுவதும் அந்த நான்கு வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது. எழுத்துப்பிழை உள்ள சொல் கண்ணை உறுத்தும், எவரேனும் திருத்திவிடுவார்கள். வெற்றிடம் கேள்வியை எழுப்பும். இலக்கணம் பிசகாமல், மருத்துவ மொழியில், நம்பும்படியாக எழுதப்பட்ட ஊகம் மட்டும் எவர் கண்ணையும் உறுத்தாமல் நோயாளியின் படுக்கை வரைக்கும் போய்ச்சேரும்.

98 விழுக்காட்டின் கணக்கு

அப்படியானால், கேட்காத இடத்தில் வெற்றிடம் விடுவதில் என்ன தடை? தடை, கூலிக் கணக்கில் இருக்கிறது.

இத்துறையில் பொதுவாகக் கோரப்படும் துல்லியம் 98 விழுக்காடு அல்லது அதற்கு மேல். கேட்பதற்கு உயர்ந்த தரமாகத் தோன்றும். சொற்கணக்கில் பார்த்தால், 500 சொற்கள் கொண்ட அறிக்கையில் 10 சொற்கள் தவறாக இருந்தாலும் அது 98 விழுக்காடுதான். அந்தப் பத்தில் ஒன்று இன்சுலின் அளவாக இருக்கலாம். இதனால்தான் நல்ல நிறுவனங்கள் பிழைகளை எடைபோட்டு, நோயாளியைப் பாதிக்கும் பிழைக்கு மிகுந்த மதிப்பெண்ணைக் கழிக்கின்றன. ஆனால், நான் பார்த்த பல இடங்களில் வெற்றிடத்துக்கும் மதிப்பெண் கழிக்கப்பட்டது. வெற்றிடம் அதிகம் விடும் ஊழியர் திறமையற்றவர் என்று கருதப்பட்டார். ஊகித்து எழுதி, அந்த ஊகம் மாதிரிச் சோதனையில் சிக்காமல் தப்பினால் ஊக்கத்தொகை; நேர்மையாக ‘கேட்கவில்லை’ என்று குறித்தால் எச்சரிக்கை. இந்த ஏற்பாட்டில் அறிவுள்ள ஊழியர் எதைக் கற்றுக்கொள்வார்?

நேரமும் ஒரு தடை. ஒலிப்பதிவை மூன்று முறை திருப்பிக் கேட்டால் வரிக்கணக்கு குறையும். அவசர அறிக்கைகளைச் சில மணி நேரத்தில் அனுப்பியாக வேண்டும். மருத்துவர் நடந்துகொண்டே பேசுவார். பின்னணியில் கருவிகள் ஒலிக்கும். நாடு நாடாக உச்சரிப்பு மாறும். அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் வழி எங்களுக்கு இல்லை. கேள்வியை எழுதி அனுப்பினால் மேலாளர், வாடிக்கையாளர் தொடர்பாளர், மருத்துவமனையின் பதிவேட்டுத் துறை என மூன்று கை மாறித்தான் அவரிடம் சேரும்; பல வேளைகளில் சேராது.

மருத்துவர்களின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. அறிக்கை எவ்வளவு துல்லியமாகத் தட்டச்சு செய்யப்பட்டாலும் அதற்குப் பொறுப்பு, கையொப்பமிடும் மருத்துவருடையது. படிக்காமலேயே ஒரே அழுத்தத்தில் நூறு அறிக்கைகளுக்கு ஒப்புதல் தரும் வழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. அலபாமாவில் ஒரு பூச்சியம் மூன்று கதவுகளைக் கடந்தது: தட்டச்சு செய்தவர், சரிபார்க்காத மருத்துவர், 80 என்ற எண்ணைக் கண்டும் ஐயுறாத பணியாளர். அவற்றில் ஒரு கதவு மூடியிருந்தால் போதும்.

குறியீட்டில் ஒரு வாழ்க்கை

கோடிங் பணியில் ஒலி இல்லை; எழுத்து மட்டும்தான். மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஒரு குறியீடும் செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடும் தரவேண்டும். அந்தக் குறியீடுகளை வைத்தே காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். இங்கும் ஊகமே முதல் எதிரி.

மிகப் பரவலான பிழை, ஐயத்தை உறுதியாக்குவது. ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்று புறநோயாளிப் பிரிவு மருத்துவர் எழுதியிருந்தால் நிமோனியாவுக்கான குறியீட்டைத் தரக்கூடாது. இருமல், காய்ச்சல் என்ற அறிகுறிகளுக்குத்தான் குறியீடு தரவேண்டும். இது அமெரிக்க விதி. உள்நோயாளியாக இருந்து, வீடு திரும்பும் நாளிலும் மருத்துவர் ‘இருக்கலாம்’ என்றே எழுதினால், அதை உறுதியான நோயாகக் கொள்ளலாம். ஆனால், எச்ஐவி தொற்றுக்கும் கோவிட் தொற்றுக்கும் அந்தச் சலுகையும் இல்லை. உறுதிசெய்யப்பட்டிருந்தால் மட்டுமே குறியீடு. ஒரு மனிதரின்மீது ஒட்டப்படும் சில பெயர்கள் எளிதில் உரிந்து வராது என்பதை விதி வகுத்தவர்கள் அறிந்திருக்கிறார்கள். புதிதாக வேலையில் சேர்ந்தவர்களோ உள்நோயாளி விதியையும் புறநோயாளி விதியையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது, கடந்த காலத்தை நிகழ்காலமாக்குவது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து தேறியவர், இரத்த அழுத்தம் பார்க்க வருகிறார். மருத்துவர் ‘பக்கவாதம்’ என்று மட்டும் எழுதுகிறார். கோடிங் செய்பவர் இப்போது நேர்ந்த பக்கவாதத்துக்கான குறியீட்டைப் போடுகிறார். முதியோருக்கான மெடிகேர் திட்டத்தை நடத்தும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களுக்கு, உறுப்பினரின் நோய்ச்சுமைக்கேற்ப அரசு பணம் தருவதால், அந்த ஒரு குறியீடு கூடுதல் பணத்தைக் கொண்டுவரும். அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் தன் தணிக்கைகளில் திரும்பத் திரும்பச் சுட்டும் பிழைகளுள் இது முதன்மையானது. குணமான புற்றுநோயை இன்னும் சிகிச்சையில் இருப்பதாகக் காட்டுவதும் இவ்வகையே.

இன்னும் சில உண்டு. வலக்கால் முறிவுக்கு இடக்காலின் குறியீடு. முதல் சிகிச்சையா, தொடர் கவனிப்பா, பின்விளைவா என்பதைக் காட்டும் ஏழாம் எழுத்தில் தவறு. நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று விதி கொள்ளும்போது, அவற்றைத் தனித்தனி நோய்களாகக் காட்டுவது. சேர்த்துக் கணக்கிட வேண்டிய சிகிச்சைகளைப் பிரித்துப் பிரித்துப் பட்டியலிடுவது. பத்து நிமிட ஆலோசனையைச் சிக்கலான ஆலோசனையாக உயர்த்திக் காட்டுவது.

கடைசி இரண்டும் பிழையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1863-இல், ராணுவத்தை ஏமாற்றிய வணிகர்களைத் தண்டிக்க இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம் இன்று மருத்துவப் பட்டியல்களின்மீது பாய்கிறது. அரசுக்கு ஏற்பட்ட இழப்பைப்போல் மூன்று மடங்கு வரை திரும்பப் பெறலாம். 2023 நிதியாண்டில் வழக்கமான மெடிகேர் திட்டத்தில் முறையற்றவையாகக் கணிக்கப்பட்ட தொகை சுமார் 3,100 கோடி டாலர். அதில் பெரும்பகுதி மோசடி அன்று. சிகிச்சைக்கு ஆதாரமாகப் போதிய குறிப்பு எழுதப்படாமையே காரணம். குறிப்பில் இல்லாததை இருப்பதாகக் கொண்டு குறியீடு தந்ததன் விலை அது.

இங்கும் வெற்றிடத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ‘குவெரி’. குறிப்பு தெளிவாக இல்லையென்றால் மருத்துவரிடம் எழுதிக் கேட்கலாம். அதிலும் ஒழுக்கம் உண்டு: ‘இது செப்சிஸ் தானே?’ என்று விடையை ஊட்டிக் கேட்கக்கூடாது. அறிகுறிகளையும் சோதனை முடிவுகளையும் காட்டி, அவர் கருத்து என்ன என்றே கேட்க வேண்டும். அழகான ஏற்பாடு. ஆனால், ஒரு நாளைக்கு இத்தனை கோப்புகள் என்ற இலக்கின் கீழ் வேலை செய்யும் இளைஞர், குவெரி எழுதினால் அந்தக் கோப்பு நிலுவையில் நிற்கும். அவர் கணக்கில் ஏறாது. ஆகவே ‘விவரம் குறிப்பிடப்படாதது’ என்ற பொதுக் குறியீட்டைப் போட்டு நகர்கிறார். அல்லது துணிந்து ஊகிக்கிறார். தணிக்கைப் பிரிவில் இருந்தபோது நான் திருப்பி அனுப்பிய கோப்புகளில் பெரும்பாலானவற்றில், செய்தவருக்கு விதி தெரிந்தே இருந்தது. கேட்பதற்கான நேரம்தான் இல்லை.

இயந்திரம் தயங்குவதில்லை

இந்த வேலைகளையெல்லாம் இனிச் செயற்கை நுண்ணறிவு செய்துவிடும் என்கிறார்கள். பெருமளவுக்கு அது உண்மையாகிக்கொண்டும் இருக்கிறது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் இன்று மருத்துவரின் அறையிலேயே அமர்ந்திருக்கின்றன. அத்துறையில் முன்னணியில் இருந்த நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 2022-இல் வாங்கியது.

2018-இல் ‘ஜாமா நெட்வொர்க் ஓப்பன்’ ஆய்விதழில் ஓர் ஆய்வு வந்தது. பேச்சுணர் மென்பொருள் உருவாக்கிய 217 மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். திருத்தப்படாத வடிவில் பிழை வீதம் 7.4 விழுக்காடு. டிரான்ஸ்கிரிப்ஷன் பணியாளர் ஒருவர் சரிபார்த்த பின்னர் அது 0.4 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவர் கையொப்பமிட்ட இறுதி வடிவில் 0.3. அதாவது, பிழைகளின் பெரும்பகுதியை அகற்றியவர், வரிக்கூலிக்கு இரவு விழித்திருக்கும் அந்தப் பணியாளர். மென்பொருள்கள் அதன் பின்னர் வெகுவாக முன்னேறிவிட்டன என்பது உண்மை. ஆயினும், ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ‘விஸ்பர்’ மென்பொருள், பதிவில் எவரும் பேசாத வாக்கியங்களைத் தானாகப் படைத்துச் செருகுவதை ஆய்வாளர்கள் கண்டறிந்தது 2024-இல் பெருஞ்செய்தியானது. பேச்சின் நடுவே நெடிய மௌனம் வரும் பதிவுகளில் இது கூடுதலாக நேர்ந்தது.

மௌனத்தை இயந்திரத்தால் மௌனமாக விட முடியவில்லை என்பது என்னை அதிர வைத்தது. விடியற்காலை மூன்று மணிக்கு என் விரல்கள் செய்ததும் அதுவே. வேறுபாடு ஒன்றுதான்: எனக்கு ஒரு மேடம் இருந்தார். இப்போது பல நிறுவனங்களில் அந்த இருக்கைதான் முதலில் காலியாகிறது. மிஞ்சியிருப்பவர்களின் வேலை, இயந்திரம் எழுதியதைப் படித்துத் திருத்துவது. தடையின்றி ஓடும் அழகான வாக்கியங்களை எட்டு மணி நேரம் படிப்பவருக்குக் காது மங்கிக் கண் நம்பத் தொடங்கிவிடும். தானே எழுதியதைவிட, பிறர் எழுதிய நம்பத்தகுந்த பொய்யைக் கண்டுபிடிப்பது கடினம். அதற்குக் கூலியோ முன்னைவிடக் குறைவு.

நம் வீட்டுக் கோப்புகள்

இவையெல்லாம் அமெரிக்காவின் கவலைகள்தானே என்று எண்ண வேண்டாம். அங்குள்ள நோயாளியின் இடக்கால், வலக்கால் வேறுபாட்டுக்காக இரவெல்லாம் விழிக்கும் நம் ஊரில், நம்முடைய கோப்புகள் எப்படி இருக்கின்றன?

என் சித்தப்பா நெஞ்சுவலியால் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். அவருக்கு இரத்த அழுத்தம் கண்டறியப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பத்து ஆண்டுகள் என்று இருந்தது. காப்பீட்டு நிறுவனம், பாலிசி எடுக்கும்போது பழைய நோயை மறைத்துவிட்டதாகக் கூறிக் கோரிக்கையை நிராகரித்தது. ‘எழுத்துப்பிழை’ என்று மருத்துவமனையிடமிருந்து ஒரு கடிதம் பெற எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின. இதே தொழிலில் இருக்கும் எனக்கே நான்கு மாதங்கள் என்றால், விவரம் அறியாத குடும்பம் என்ன செய்யும்?

ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையை நினைவுகூரலாம். ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள், பத்து ஒன்பதுகளால் ஆன ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்தார்கள். நாளேடுகள் அதை நகைப்புக்குரிய செய்தியாக வெளியிட்டன. எனக்கு அது மிகவும் பழகிய காட்சியாகத் தோன்றியது. திரையில் ஒரு கட்டம். அதில் எதையேனும் இட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். எதிரே வரிசையில் நூறு பேர். வெற்றிடத்தை ஏற்காத எந்தப் படிவமும் பொய்யைத்தான் பெற்றுக்கொள்ளும்.

இறப்புச் சான்றிலும் இதே நிலை. இந்தியாவில் 2020-இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணத்தைச் சான்றளித்தவை 22.5 விழுக்காடு மட்டுமே. அந்தச் சிறுபான்மையிலும், ‘இதயமும் மூச்சும் நின்றதால் மரணம்’ என்ற வாசகத்தைக் காணாதவர் இருக்க முடியாது. இறந்தவர் எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். இதயத்தை நிறுத்தியது காசநோயா, நீரிழிவா, பாம்புக்கடியா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் எந்த ஊரில் எந்த நோய்க்கு மருத்துவமனை கட்டுவது என்று அரசு எப்படித் தீர்மானிக்கும்?

என்ன செய்யலாம்?

முதலில், நிறுவனங்கள் தங்கள் மதிப்பெண் முறையை மாற்ற வேண்டும். காரணத்துடன் விடப்பட்ட வெற்றிடத்துக்கும் முறையாக எழுதப்பட்ட குவெரிக்கும் மதிப்பெண் கழிக்கக்கூடாது; அவை வேலையின் பகுதியாகக் கணக்கில் ஏற வேண்டும். கழிக்க வேண்டியது ஊகத்துக்குத்தான். மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை, வலம்-இடம், ‘இல்லை’ என்ற சொல் ஆகிய ஐந்தையும் இரண்டாவது மனிதக் கண் பார்க்காமல் எந்த அறிக்கையும் வெளியேறக்கூடாது, அதை எழுதியது இயந்திரமே ஆனாலும்.

இரண்டாவதாக, பயிற்சி நிலையங்கள். மெடிக்கல் கோடிங்குக்கான சிபிசி சான்றிதழ்த் தேர்வு 100 வினாக்கள், நான்கு மணி நேரம். அதில் தேற உதவும் குறுக்குவழிகளைச் சொல்லித்தரும் நிலையங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. உண்மையான கோப்பு ஒன்றை முழுதாகப் படித்து, ‘இதில் விடை இல்லை’ என்று சொல்லப் பழக்கும் நிலையங்கள் அரிது. தேர்வில் எல்லா வினாவுக்கும் விடை உண்டு. வேலையில் அப்படி இல்லை.

மூன்றாவதாக, நம் அரசும் மருத்துவமனைகளும். நோயாளிகளின் கோப்புகளைக் கணினிவழி இணைக்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021-இல் தொடங்கப்பட்டது. கோப்புகள் இணையும்போது பிழைகளும் இணைந்து பயணிக்கும். ஒரு மருத்துவமனையின் தவறு எல்லா மருத்துவமனைகளின் தவறாகும். மருத்துவப் பதிவேட்டுத் துறை என்பது பழைய தாள்களை அடுக்கும் அறை என்ற எண்ணம் மாற வேண்டும். இருபதாண்டு அனுபவம் பெற்ற தமிழ்நாட்டுப் பணியாளர்கள் பலர் இயந்திரத்தால் வேலை இழக்கும் வேளை இது. அவர்களை நம் அரசு மருத்துவமனைகளின் பதிவேட்டுத் துறைகளில் அமர்த்தினால் அவர்களுக்கும் வாழ்வு. நம் புள்ளிவிவரங்களுக்கும் உயிர். நோயாளி தன் கோப்பில் உள்ள தவறைச் சுட்டினால் குறித்த நாள்களுக்குள் திருத்தித் தரும் கடமையும் மருத்துவமனைகளுக்கு விதிக்கப்பட வேண்டும்.

நான்காவது, வாசகர்களுக்கு. வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பைக்குள் வைப்பதற்கு முன் ஐந்து நிமிடங்கள் செலவிடுங்கள். பெயர், வயது, மருந்தின் அளவு, ஒவ்வாமை, எந்தப் பக்கம், நோய் வந்து எத்தனை ஆண்டுகள் ஆகின என்பவற்றைப் படியுங்கள். புரியாவிட்டால் செவிலியரிடம் கேளுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தி, கையொப்பம் பெறுங்கள். அந்தக் காகிதம் உங்களைவிட நெடுங்காலம் உங்களைப் பற்றிப் பேசப்போகிறது.

மேடம் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் எங்களைப் பழக்கிய முறையில், கேட்காத சொல்லின் இடத்தில் ஒரு கோடு இழுத்து, பதிவில் அது வரும் நிமிடத்தையும் நொடியையும் ஓரத்தில் குறிப்போம். மருத்துவர் அந்த நொடிக்குத் தாமே திரும்பிப் போய்க் கேட்டு, விட்டுப்போன சொல்லை நிரப்பி அனுப்புவார். என் பணிக்காலத்தில் அப்படி நிரம்பித் திரும்பிய கோடுகளில் ஒன்றிலேனும் 8 என்ற எண் இருந்திருக்கும்.